பிறர் வீட்டைப் பார்த்துக் கழிந்த மாலைகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையொன்றில் தொடர்மாடி வீட்டில் வசிக்கும் சகோதரி ஒருவரின் கேள்வி இது. நான்கு ஆண்டுகளாக மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வெளிநாட்டு வீட்டுச் சீரமைப்பு நிகழ்ச்சிகளைப் பார்த்து வருகிறார். பார்த்து முடித்ததும் தன் வீடே தனக்குப் பிடிக்காமல் போகிறது என்கிறார். கடன் அட்டையை நம்பி குசினியை மாற்றத் தொடங்கினார்கள். வேலை பாதியில் நிற்கிறது. பன்னிரண்டு பெட்டி டைல்ஸ் பல்கனியில் கிடக்கிறது. இப்போது அந்த நிகழ்ச்சிகளை அடியோடு விட்டுவிட்டு, கடவுளை நடுவில் வைத்து எளிமையாக வாழ வேண்டும் என்று மனம் சொல்கிறதாம். "இது அவசர முடிவா? எங்கிருந்து தொடங்குவது? மாமியாரும் பிள்ளைகளும் ஒத்துக்கொள்வார்களா? அந்த டைல்ஸை என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, விட்டுவிடுங்கள். தயங்க வேண்டியதில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழும்பில் கட்டிடங்களுக்குச் செலவு மதிப்பிடுவதே என் தொழிலாக இருந்தது. வரைபடத்தை விரித்து எத்தனை கல், எத்தனை மூடை சீமெந்து, எத்தனை நாள் கூலி என்று கணக்கிட்டு, கடைசிப் பட்டியல் வரை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு நானும் உங்களைப் போலவே அந்த நிகழ்ச்சிகளுக்குள் விழுந்தேன். தொழில் தெரிந்தவன் என்பதால் தப்பிக்கவில்லை. அவற்றிலுள்ள கணக்குப் பிழைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனாலும் மாலையானால் கை தொலைக்காட்சியின் பக்கமே போனது.

முதலில் அந்த நிகழ்ச்சிகள் எப்படி உருவாகின்றன என்பதைச் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், பொதுத் தொலைக்காட்சி நிலையமொன்று பழைய வீடொன்றைப் படிப்படியாகத் திருத்துவதைக் காட்டத் தொடங்கியது. தச்சர் மரத்தை ஏன் அப்படிப் பொருத்துகிறார், கூரை ஏன் ஒழுகுகிறது என்று கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சி அது. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 1994ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் எச்ஜிடிவி தொடங்கியது. வீடு, தோட்டம் ஆகியவற்றுக்கென்றே இருபத்துநான்கு மணிநேர அலைவரிசை. அதன் வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரம். விளம்பரத்தால் வாழும் அலைவரிசைக்குத் தன் வீட்டில் நிறைவோடு இருக்கும் பார்வையாளரால் எந்தப் பயனும் இல்லை. காலப்போக்கில் தச்சு வேலையைக் கற்றுக்கொடுக்கும் பகுதி சுருங்கியது. "முன்பு இப்படி, இப்போது இப்படி" என்று திரையை விலக்கிக் காட்டும் கணம் பெரிதானது.

அந்தக் கணத்துக்காக எவ்வளவோ மறைக்கப்படுகிறது. வீடு தேடும் பிரபலமான நிகழ்ச்சியொன்றில் பங்கேற்ற ஒரு பெண் 2012ஆம் ஆண்டு உண்மையை வெளியில் சொன்னார். வீட்டை வாங்கி முடித்த பிறகுதான் தன் குடும்பத்தை நிகழ்ச்சிக்குத் தெரிவு செய்தார்கள் என்றும், "பார்த்துத் தெரிவு செய்வதற்காக" என்று காட்டப்பட்ட மற்ற இரண்டும் நண்பர்களின் வீடுகள் என்றும் சொன்னார். இன்னொரு புகழ்பெற்ற நிகழ்ச்சியில், கடைசிக் காட்சியில் நாம் வாய் பிளந்து பார்க்கும் தளபாடங்கள் படப்பிடிப்புக்காகக் கொண்டுவரப்படுபவை. தனியாகப் பணம் கொடுத்தால் தவிர வீட்டுக்காரருக்குச் சொந்தமாகாதவை. மாதக்கணக்கான வேலை நாற்பது நிமிடங்களில் முடிகிறது. தூசியும் இருமலும் மேசன் வராத நாட்களும் திரையில் வருவதில்லை.

இவற்றை நீங்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பீர்கள். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அந்த வீடுகள் நம்முடைய வீடுகள் இல்லை. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டத்தில் நிற்பவை. உட்சுவர் என்பது மரக்கட்டைகளின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. சுத்தியலால் ஒரு பிற்பகலில் தட்டி எடுத்துவிடலாம். வெள்ளவத்தையில் உங்கள் சுவர் செங்கல் அல்லது சீமெந்துக் கல். அதற்குள்ளே மின்கம்பிக் குழாயும் தண்ணீர்க் குழாயும் போகின்றன. பல இடங்களில் அந்தச் சுவர் உங்களுடையதே அல்ல. 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்படி, கட்டிடத்தைத் தாங்கும் கூறுகள் அங்கே வாழும் எல்லோருக்கும் கூட்டாக உரியவை. இடித்த கல்லை மூடையில் கட்டி மின்தூக்கியில் இறக்கும்போதே மாடி முழுவதும் உங்களுக்குப் பகையாகிவிடும்.

திறந்த குசினி என்று ஒன்றைக் காட்டுகிறார்களே, அதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தொழிலில் இருந்த காலத்தில் இதற்காக எத்தனை குடும்பங்கள் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்! நாம் கடுகு தாளிக்கிறோம், மீன் பொரிக்கிறோம், தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுக்கிறோம். அந்தப் புகை வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் நம் முன்னோர் குசினியை வீட்டின் பின்பக்கம் ஒதுக்கி, மேலே புகைக்கூண்டும் வைத்தார்கள். சுவரை எடுத்த வீட்டில் அந்த வாசனை திரைச்சீலையிலும் மெத்தைக் கதிரையிலும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் கண்ணாடிக் கதவு போட வேண்டும் என்று என்னிடம் திரும்பி வந்தவர்கள் உண்டு. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அலுமாரிகளும் அப்படித்தான். உலர்ந்த காற்றுள்ள ஊரில் அவை நிற்கும். கடலிலிருந்து நூறு மீற்றர் தூரத்தில், மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஈரத்தையும் உப்பையும் யன்னல் வழியே கொண்டுவந்து கொட்டும் இடத்தில், கீழ் விளிம்பு ஊதிப்போகும். பிணைச்சல் துருப்பிடிக்கும். பழைய கொழும்பு வீடுகளின் உயரமான கூரையும் காற்றுத் துளைகளும் சிவப்புச் சீமெந்துத் தரையும் வறுமையின் அடையாளங்கள் என்று தொலைக்காட்சி நம்மை எண்ண வைத்துவிட்டது. இந்தக் காற்றையும் மழையையும் நூறு ஆண்டுகள் பார்த்தவர்களின் அறிவு அவற்றில் இருக்கிறது.

ஆனாலும் பணம் வீணாவதைச் சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. பணம் போனால் உழைத்துப் பெறலாம். கண் போனால்?

வட அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள், வீட்டைச் சீரமைக்கும் குடும்பங்களோடு பேசி ஓர் ஆய்வு செய்தார்கள். இந்த நிகழ்ச்சிகளிலும் சஞ்சிகைகளிலும் ஊறியவர்கள் தங்கள் வீட்டைச் சந்தையின் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. யாரோ ஒருவர் வந்து குறை கண்டுபிடிக்கப் போகிறார், நாளை விற்கும்போது விலை குறைந்துவிடும் என்ற நினைப்பு எப்போதும் கூடவே இருக்கிறது. சொந்த வீட்டுக்குள்ளேயே அந்நியராகிவிடுகிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் "பார்த்து முடித்ததும் என் வீடு எனக்குப் பிடிப்பதில்லை" என்ற வரி இதுவேதான். வீட்டில் எதுவும் மாறவில்லை, சகோதரி. இரண்டு மணிநேரம் விற்பனையாளரின் கண்ணை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள், கழற்ற மறந்துவிட்டீர்கள்.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்பதைச் சொல்வது கடினம். என்றாலும் சொல்கிறேன், நீங்கள் மனம் திறந்து எழுதியிருப்பதால்.

2021ஆம் ஆண்டு, நிகழ்ச்சியொன்றில் பார்த்த குளியலறையைப் போலவே எங்கள் வீட்டிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பழைய தரை நன்றாகவே இருந்தது. தடுப்பு வரம்பு இல்லாமல் ஒரே சமதளமாக, பெரிய சாம்பல் நிற டைல்ஸ் பதிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் மனைவி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. பழைய தரையை உடைத்தபோது அடியிலிருந்த நீர்க்காப்புப் பூச்சும் சேர்ந்து உடைந்தது. மீண்டும் பூச வேண்டும், பூசிய பிறகு தண்ணீரைத் தேக்கி இரண்டு நாள் வைத்துச் சோதிக்க வேண்டும். ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அவசரத்தில் அந்தச் சோதனையை விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் ஊறிச் சொட்டத் தொடங்கியது.

கீழ் வீட்டில் வயதான ஓர் அம்மா தனியாக இருந்தார். சொட்டியது அவருடைய சுவாமி அறையில். நான் இறங்கிப் போனபோது, படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடத்தில் ஒரு கதிரையில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் படத்தின் சட்டத்துக்குள் தண்ணீர் புகுந்து தாள் அலை அலையாகச் சுருங்கியிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. மணி ஆறாகிக்கொண்டிருந்தது. கதிரைக்கு முன்னால் நிலத்தில் விளக்கை வைத்து, திரியைத் தூண்டி, ஏற்றினார். "இருங்கோ தம்பி, தேவாரம் படிச்சிட்டுப் பேசுவம்" என்றார். நான் ஈரம் சொட்டும் அந்த வீட்டில் கைகட்டி நின்றேன். அவர் பாடி முடிக்கும் வரை எனக்குள் ஓடியது ஒன்றுதான்: இதே நேரத்தில் மேலே என் வீட்டில் விளக்கு இல்லை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

கூரையைத் திருத்திக் கொடுத்தேன், படத்துக்குப் புதுச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அதற்கு அடுத்த ஆண்டு நாடே இருண்டது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் மாலைகள் திரும்பி வந்தது அப்போதுதான். வேறு வழியில்லாமல் தொடங்கியதை, மின்சாரம் வந்த பிறகும் விடவில்லை.

உங்கள் கேள்வியில் "கடவுளை நடுவில் வைத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று சொற்களை விட்டுவிடாதீர்கள். எளிமையை மட்டும் பிடித்துக்கொண்டால் அதுவும் இன்னோர் அலங்காரமாகிவிடும். வெள்ளைச் சுவர், ஒரேயொரு மண்பானை, ஒரேயொரு பாய் என்று எளிமையையே விற்கும் காணொளிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றைப் பார்த்து அலுமாரிகளைக் காலி செய்தவர்கள் சில மாதங்களில் புதிதாக வாங்கி நிரப்பிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். ஓரிடம் காலியாக இருந்தால் அதில் ஏதாவது வந்து உட்காரும். எதை உட்கார வைக்கிறோம் என்பதே கேள்வி.

நான் சைவன், எனக்குத் தெரிந்த வழியில்தான் சொல்ல முடியும். நீங்களும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதாக எழுதியிருப்பதால், இரண்டு அடியார்களை நினைவூட்டுகிறேன். திருநாவுக்கரசரின் கையில் இருக்கும் கருவி எது? உழவாரம். புல் செதுக்கும் கருவி. சமயகுரவர் நால்வரில் அவருக்குத்தான் உழைப்பாளியின் கருவி. கோயில் முற்றங்களில் புல்லும் முள்ளும் செதுக்கித் துப்புரவு செய்து திரிந்தார். திருப்புகலூரில் அவர் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, செதுக்குவதைத் தொடர்ந்தார். திருத்தும் வேலையை நம் சமயம் இழிவாக நினைக்கவில்லை. யாருக்காகத் திருத்துகிறோம், திருத்தும்போது கண் எதில் இருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது.

மற்றவர் திருநின்றவூர்ப் பூசலார். கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே கட்டினார். என் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை தனியாக இனிக்கும். அவர் மனத்திலும் குறுக்குவழியில் போகவில்லை. பொருள் தேடினார், பணியாளர்களைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவிலும் உறங்காமல் விமானத்தை எழுப்பினார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எழுப்பினார், குளமும் வெட்டினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு நாள் குறித்திருந்தது. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாளை நாம் பூசலார் கட்டிய கோயிலுக்குள் புகுகிறோம், உன்னுடையதை வேறு நாளுக்கு வை என்றார். மன்னன் திருநின்றவூருக்குப் போய்த் தேடினால் அங்கே கோயிலே இல்லை. ஓர் அடியார் மட்டும் இருந்தார்.

நீங்களும் நானும் நான்கைந்து ஆண்டுகள் மனத்துக்குள் வீடுகள் கட்டினோம், சகோதரி. இந்த மூலையில் மேசை, அந்தச் சுவருக்கு இந்த நிறம், யன்னலுக்கு அந்தத் திரை என்று பஸ்ஸில் போகும்போதும் உறக்கம் வராத இரவிலும் கட்டினோம். கட்டும் மனம் நல்ல மனம்தான். அதற்குள் யாரைக் குடியேற்றினோம் என்று பார்த்தால், வந்து பார்த்து வியக்கப் போகும் விருந்தினரை. சில வேளை விலை கேட்கப் போகும் யாரோ ஒருவரை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு வீட்டின் மேல் இருக்கும் ஏக்கத்தை யாரும் பேராசை என்று சொல்லிவிட முடியாது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது என் தாயும் அந்தச் சனத்தோடு மழையில் நடந்தார். நாற்சார் வீடு, முற்றத்தில் மல்லிகைப் பந்தல், தாத்தா காலத்துத் தேக்குக் கதவுகள். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டார். கையில் எடுத்தது உடுப்புப் பை, காணி உறுதி, ஒரு சிறிய பித்தளை விளக்கு. தென்மராட்சியில் பள்ளிக்கூடமொன்றின் வகுப்பறை மூலையில், ஐந்து குடும்பங்களுக்கு நடுவே, வாங்கு ஒன்றின் மேல் அந்த விளக்கை வைத்து ஏற்றினாராம். கொழும்பில் வேலையில் இருந்த எனக்கு இது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அந்த வீட்டுக்குப் பின்னாளில் நான் போனபோது கூரை இல்லை, கதவுகள் இல்லை, கூடத்துக்குள் வேம்பு வளர்ந்திருந்தது. அந்தத் தேக்குக் கதவுகளைத்தான் நான் திரையில் தேடினேன் என்று இப்போது நினைக்கிறேன். வெள்ளவத்தையின் இந்தத் தொடர்மாடிகளில் எத்தனையோ பேர் அப்படி எதையோ தேடுகிறோம். உங்கள் குடும்பத்துக்கும் அப்படியொரு கதை இருக்கக்கூடும். மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். நிகழ்ச்சி ஓடாத முதல் மாலையில் பேசுவதற்கு அதைவிட நல்ல விடயம் கிடைக்காது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஆறு மணியிலிருந்து. விளக்கு வைக்கும் நேரத்தில் நீங்கள் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தீர்கள். அந்த நேரத்தை அப்படியே திருப்பி எடுங்கள். தொலைக்காட்சியைத் தூக்கி எறிய வேண்டாம், பிள்ளைகளுக்குத் தடைச்சட்டம் போடவும் வேண்டாம். அந்த அலைவரிசைகள் தனித் தொகுப்பாக வருகின்றன என்றால் அதை மட்டும் நிறுத்துங்கள். மாதக் கட்டணமும் குறையும். கைபேசிதான் பெரிய வாசல். ஒரு குசினிக் காணொளியைப் பார்த்தால் அது பத்தை அனுப்பும். அந்தக் கணக்குகளைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டு, வந்து விழுபவற்றுக்கு "ஆர்வமில்லை" என்று இரண்டு வாரம் சலிக்காமல் அழுத்துங்கள். குறைந்துவிடும்.

விளக்கை ஏற்றிப் பஞ்சபுராணம் படியுங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. பத்து நிமிடம் போதும். பிள்ளைகள் பாடசாலையில் சைவநெறி படிப்பார்கள். பாட்டுத் தெரிந்திருக்கும், சில வேளை உங்களைவிட நன்றாகவே. தெரிவு செய்யும் பொறுப்பைச் சின்னவரிடம் கொடுத்துப் பாருங்கள். மாமியாரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நிகழ்ச்சி நின்றுபோனதற்காக வருந்தும் மாமியாரை விட, விளக்கு நேரம் திரும்பியதற்காக மகிழும் மாமியாரையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். கணவருக்கோ நண்பிகளுக்கோ உபதேசம் செய்யாதீர்கள். "நான் விட்டுவிட்டேன்" என்று சொன்னால் போதும். "நீங்களும் விட வேண்டும்" என்று தொடங்கினால் அந்த மாலை வழக்காடுவதிலேயே முடியும்.

ஒரு பள்ளத்தைப் பற்றி எச்சரிக்கிறேன், நானே அதன் விளிம்பு வரை போனவன். கண்ணுக்குப் பழகிய பசி எளிதில் அடங்காது. அது சுவாமி அறைக்குள் நுழையும். வெண்பளிங்கு மண்டபம், பின்னால் ஒளிரும் ஓங்காரம், வெட்டு வேலைப்பாடுள்ள கதவு என்று சுவாமி அறை அலங்காரங்களுக்கென்றே காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. பக்தி என்ற பெயரில் அதே சந்தை. இருக்கும் தட்டு, இருக்கும் படங்கள், தினமும் துலக்கிய விளக்கு, வாடாத பூ இருந்தால் அதுவே நிறைவு. ஓர் ஆண்டுக்கு அந்த அறைக்கு எதுவும் வாங்க மாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழகையே வெறுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளைக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கோயில். தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை உளி, எத்தனை நாள்! கொழும்பில் மனிதக் கை செய்த மிக அழகான கட்டிட வேலைகளில் ஒன்று அது என்பது என் மதிப்பீடு. அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால் நம் வீடு அசிங்கமாகத் தெரிவதில்லை. ஏன் என்று எனக்கு நீண்ட நாள் புரியவில்லை. அந்த அழகு நம்மிடம் எதையும் வாங்கச் சொல்லவில்லை என்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

இனி, பாதியில் நிற்கும் குசினி. அதை அப்படியே விட்டுவிடுவது எளிமை ஆகாது. திறந்து தொங்கும் மின்கம்பியும் மூடப்படாத குழாய் வாயும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆபத்து. பாதுகாப்பாக முடிக்க வேண்டியதை மட்டும் முடியுங்கள்: மின்கம்பி, குழாய், சுவர்ப்பூச்சு. பழைய அலுமாரிக் கதவுகள் இன்னும் இருந்தால் மீண்டும் மாட்டுங்கள். பெயின்ட் அடித்தால் பத்து ஆண்டுகள் உழைக்கும். எந்த மேசனிடமும் முழுத் தொகையை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். முடிந்த வேலைக்கு முடிந்த அளவு மட்டும். பராமரிப்பு வேறு, அலங்காரம் வேறு. ஒழுகும் குழாயைத் திருத்துவது, மின்னொழுக்குக் காப்பு ஆளியின் (ட்ரிப் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது, டெங்கு நுளம்பு பெருகாமல் பூச்சாடித் தட்டையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் வாரந்தோறும் கவிழ்ப்பது ஆகியவை வீட்டாரின் கடமை. கீழ் வீட்டாருக்கும் சேர்த்துச் செய்யும் கடமை. உழவாரம் பிடிக்கும் கையோடு அவற்றைச் செய்யுங்கள்.

கடன் அட்டையை முதலில் தீருங்கள். 2022இல் இங்கே அட்டை வட்டி ஆண்டுக்கு முப்பது சதவீதத்தைத் தாண்டியது நினைவிருக்கும். வட்டி குறைந்த காலத்திலும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் கரையாது. நிறுத்திய தொலைக்காட்சித் தொகுப்பின் கட்டணம் சிறிய தொகைதான், ஆனாலும் அதை அப்படியே அந்தக் கணக்கில் போடுங்கள். வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே திகதியில் எடுத்துப் பாருங்கள். என் கொப்பியில் முதல் ஆண்டு எழுதிய நாற்பத்தொரு பொருள்களில் நாங்கள் வாங்கியது மூன்று: ஒரு ஏணி, ஒரு தண்ணீர் வடிகட்டி, வீட்டுக்கு வருபவர்களுக்கென்று இன்னுமொரு பாய்.

அந்தப் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிகளைப் பார்த்த ஆண்டுகளில் நாங்கள் யாரையும் வீட்டுக்கு அழைப்பதைக் குறைத்திருந்தோம். "கூடம் முடியட்டும், பிறகு கூப்பிடுவோம்" என்பேன். கூடம் முடியவேயில்லை. இப்போது ஊரிலிருந்து மருத்துவமனைக்கென்று கொழும்பு வருபவர்கள் எங்களிடம் தங்கிச் செல்கிறார்கள். பெயின்ட் உரிந்த அதே சுவருக்குக் கீழேதான் படுக்கிறார்கள். ஒருவராவது அதைப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் குசினி வேலை முடியும் வரை காத்திருக்காமல் இந்த மாதமே யாரையாவது சாப்பிட அழையுங்கள். புட்டும் சொதியும் ஒரு சம்பலும் போதும்.

கடைசியாக டைல்ஸ். கடைக்காரர் திரும்ப எடுப்பாரா என்று முதலில் கேளுங்கள். பெட்டி உடைக்காமல், பற்றுச்சீட்டோடு கொண்டுபோனால் பழைய சோனகத் தெருவில் சிலர் எடுப்பார்கள், கொஞ்சம் கழித்துக்கொண்டு. ஏற்கெனவே எங்காவது பதித்திருக்கிறீர்கள் என்றால் ஒரு பெட்டியை மட்டும் வீட்டில் வையுங்கள். பெட்டியின் பக்கத்தில் நிற எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்கும். அதே தொகுதி பிறகு கிடைக்காது, ஒன்று வெடித்தால் மாற்ற அதுதான் உதவும். நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைத்தால் பாரத்தில் கீழே உள்ளவை உடையும். கடை எடுக்காத பெட்டிகளுக்கு, நீங்கள் வெள்ளிதோறும் போகும் கோயிலின் மடைப்பள்ளியிலோ அன்னதானக் கூடத்திலோ தரை உடைந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதிப்பதற்கு ஆள் தேவைப்பட்டால் எனக்குத் தெரிந்த நல்ல மேசன் ஒருவர் தெஹிவளையில் இருக்கிறார். அளவெடுக்க நான் வருகிறேன்.